தளபதியின் முதுகுவலி

வீரமரண கௌரவத் துறையின் தலைமை அலுவலகத்தில் அழுவதற்கென்று தனி அறை ஒன்று இருந்தது. வராந்தாவில் யாராவது அழுதால் காவலாளி ஓடிவந்து, "அதுக்குன்னு ரூம் இருக்குதும்மா, அங்க போய் அழுங்க" என்று கைகாட்டுவான். அந்த அறையில் இரண்டு பெஞ்சுகள், ஓடாத ஒரு மின்விசிறி, சுவரில் 'கண்ணீரைச் சிக்கனப்படுத்துவோம், பெருமிதத்தைப் பெருக்குவோம்' என்று ஒரு வாசகம். உள்ளே போன குடும்பம் வெளியே வந்தால்தான் அடுத்த குடும்பம் போகலாம். சண்டை மூன்றாவது வருடத்தில் இருந்ததால் வாசலில் வரிசை குறைவதே இல்லை.

மாவுமில் அக்கா அந்த வரிசையில் நிற்கவில்லை. அவள் அழ வரவில்லை. அம்மா கேட்கச் சொன்ன ஒரு கேள்வியோடு வந்திருந்தாள்.

அவளுடைய மில் தார்ச்சாலையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் இருந்தது. அப்பா விட்டுப்போன மில். கோதுமையும் சோளமும் அரைப்பார்கள். அக்கா கல்யாணம் வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை; மில்லை நிறுத்திவிட்டு எழுந்துபோய் மாப்பிள்ளை பார்க்க நேரம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான். தம்பி அவளைவிட ரொம்பச் சின்னவன். மூட்டை தூக்குவதில் கெட்டிக்காரன். மற்ற நேரமெல்லாம் தூங்குவான். இயந்திரம் கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும்போதே தவிட்டு மூட்டைமேல் சாய்ந்து குறட்டை விடுவான். ஊரில் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளவும் மாட்டான். கோபப்படுவதற்கு முழித்திருக்க வேண்டுமே.

உயரம் என்றால் அவனுக்கு ஆகவே ஆகாது. மேலே சுற்றும் தண்டிலிருந்து பெல்ட் கழன்றால் ஏணியில் ஏறி மாட்டுவது அக்காதான். அவன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொள்வான்.

"ஏறுறது நான். நீ எதுக்குடா கண்ணை மூடுற?"

"நீ ஏறுறதைப் பார்த்தாலே எனக்கு வயித்தைக் கலக்குதுக்கா."

வீட்டுக்கு ஓர் ஆண் என்று அரசாங்கம் ஆள் எடுத்தபோது அந்த வீட்டில் இருந்த ஒரே ஆணை எடுத்துக்கொண்டது. லாரியில் ஏறும்போது அவன் திரும்பி, "மில்லை நிறுத்திடாதேக்கா. சத்தம் இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது" என்றான்.

"நீ இங்கயா தூங்கப் போற?"

"அங்கயும் நல்ல சத்தமா இருக்குமாம். விசாரிச்சுட்டேன்."

லாரியில் இருந்த பையன்கள் எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அதற்கப்புறம் அவனை அவள் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் கொடி கட்டிய ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். உடல் வரவில்லை. மடித்த கொடி ஒன்று வந்தது. அம்மா அதை வாங்கி, உள்ளே ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று விரித்துப் பார்த்தாள். மொட்டைக் குன்றில் வீரமரணம் என்றார்கள். "ரொம்ப வலிச்சிருக்குமா தம்பி?" என்று அம்மா கேட்டாள். வந்தவர்களில் ஒருவன் இன்னொருவனைப் பார்த்தான். "அந்த மாதிரி விவரமெல்லாம் தலைமை அலுவலகத்துலதான் கேக்கணும்மா" என்றான்.

அதனால்தான் அக்கா மில்லைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினாள்.

துறையின் இயக்குநர் ஒரு தளபதி. மொட்டைக் குன்றை இரண்டு வருடம் வைத்திருந்து ஒரே காலையில் கைவிட்டவர் அவர்தான். 'கைவிட்டார்' என்று யாரும் சொல்வதில்லை. 'குன்று தற்காலிகமாக எதிரியின் பராமரிப்பில் உள்ளது' என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவருக்கு என்ன வேலை கொடுப்பது என்று மேலிடம் யோசித்தது. செத்தவர்களைக் கௌரவிக்கும் வேலைக்கு, அத்தனை பேரைச் சாகக் கொடுத்தவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம் என்று முடிவானது.

அவர் உயரமான முதுகுச் சாய்வு வைத்த தோல் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தார். நாற்காலியின் மூன்று கால்கள் பழையவை. ஒரு கால் மட்டும் புது மரம். அக்காவின் கண் மரச்சாமான் எதைப் பார்த்தாலும் அதன் மூட்டுக்குத்தான் போகும். மில்லில் எல்லாமே ஆடும் சாமான்கள்.

"மன்னிக்கணும்மா, எழுந்து நிக்க முடியல. முதுகுவலி. போர்க்களத்துல வாங்கினது" என்றார் தளபதி. பிறகு ஒரு காகிதத்தைப் பார்த்தார். "உங்க தம்பி கண நேரத்துல போயிட்டார். ஒரே குண்டு. சிரிச்ச முகம்."

அக்கா அதைக் கொண்டுபோய் அம்மாவிடம் சொன்னாள். ஒரே குண்டு. சிரித்த முகம். அம்மா அன்று கொஞ்சம் சாப்பிட்டாள். விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த வருடத்தின் முன்மாதிரி வீரனாகத் தம்பியைத் துறை தேர்ந்தெடுத்தது. செத்த அத்தனை பேரில் அவனை ஏன் எடுத்தார்கள் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. மற்ற வீரர்களின் ஊர்களுக்குக் கார் போகாது.

முதல் விழா பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. அம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தளபதி மைக்கைப் பிடித்தார்.

"மூன்று குண்டுகள்! மார்பில் மூன்று குண்டுகளைத் தாங்கியபடி, செங்குத்தான பாறையில் ஏறினான் இந்த ஊரின் மைந்தன். கழுகுபோல் ஏறினான். ஆகவே அவனுக்கு 'குன்றின் கழுகு' என்ற பட்டத்தைத் துறை வழங்குகிறது."

கை தட்டினார்கள். அம்மா அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். "ஒண்ணுன்னுதானே சொன்னாங்க?"

"ஒண்ணுதாம்மா. மேடைக்காகச் சொல்றாங்க."

"அவன் ஏணியில ஏற மாட்டானே."

அடுத்த விழாவில் மூன்று ஏழானது. பக்கத்து மாவட்டத்து வீரனுக்கு ஏற்கெனவே ஐந்து கொடுத்துவிட்டார்கள் என்பதால், முன்மாதிரி வீரனுக்கு அதைவிடக் குறைவாகக் கொடுப்பது முறையாக இருக்காது. அதோடு, ஏழு குண்டையும் வாங்கிக்கொண்டு பாறை விளிம்பை ஒரு கையால் பிடித்தபடி விடிய விடியத் தொங்கினான் என்றார் தளபதி. வலியில் அவன் முனகிய சத்தம் நாட்டுப்பண் போல இருந்தது என்றார். கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அன்றோடு அம்மா சாப்பிடுவதை நிறுத்தினாள். ராத்திரியெல்லாம் கட்டிலின் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கிடந்தாள். "கை வலிக்குதுடி" என்பாள். "என்னாலயே முடியல. விடிய விடிய எப்படிப் பிடிச்சிருந்தானோ."

அக்கா மறுபடி பஸ் ஏறினாள். தோல் நாற்காலிக்கு முன்னால் நின்றாள்.

"ஐயா, எங்கம்மாவுக்குத் தாங்கல. கொஞ்சம் குறைச்சுக்கணும்."

"எதை?"

"குண்டை. பழையபடி ஒண்ணே வச்சுக்கலாம். பாறையில தொங்கினதையும் எடுத்துடுங்க."

தளபதி அவளைப் பரிவோடு பார்த்தார். "உங்க உணர்வு எனக்குப் புரியுதும்மா. குடும்பத்தோட உணர்வை மதிக்கத்தான் இந்தத் துறையே இருக்கு. ஆனா இதுல குடும்பம் தலையிடக் கூடாது. செத்துப்போனது உங்க தம்பியா இருக்கலாம். சாவு எங்களோடது. ஒரு தடவை ஏத்தினா இறக்க எங்களுக்கே அதிகாரம் இல்ல. நாளைக்கு எல்லாக் குடும்பமும் வந்து குறைங்க குறைங்கன்னா, கடைசியில யாருமே சாகலைன்னு ஆயிடும். அப்புறம் எதுக்கு இந்த ஆபீஸ்? எதுக்கு நான்?"

"எங்கம்மா சாப்பிட மாட்டேங்குறாங்கய்யா."

"அப்படியா?" என்று தளபதி நிமிர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அதை அடுத்த பேச்சுல சேர்த்துக்கிறேன்."

வெளியே வந்து படியில் நின்றவளைத் துறையின் கார் டிரைவர் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு கால் கொஞ்சம் இழுத்து நடப்பவன். "பஸ் ஸ்டாண்டுக்கா? ஏறுங்கக்கா, அந்தப் பக்கம்தான் போறேன்" என்றான். பாதி வழியில் ஒரு டீக்கடை ஓரமாகக் காரை நிறுத்தினான். டீ வாங்கிக் கொடுத்தான். தன் டம்ளரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"அவன் பாறையில ஏறவே இல்லக்கா" என்றான் கடைசியில். "அன்னைக்கு ஜீப் ஓட்டினது நான்தான்."

அக்கா தன் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உங்க தம்பி தளபதிக்கு எடுபிடியா இருந்தான். காலையில குண்டு விழ ஆரம்பிச்சதும் முதல்ல ஜீப்ல ஏறினது தளபதிதான். மத்தவங்களுக்கு உத்தரவே வரல, மேலயே கிடந்தாங்க. நாங்க ரெண்டு வளைவு இறங்கிட்டோம். அப்ப 'நிறுத்து நிறுத்து'ன்னார். நாற்காலியை விட்டுட்டு வந்துட்டாராம். அது இல்லன்னா முதுகு போயிடுமாம். உங்க தம்பியைப் போய் எடுத்துட்டு வரச் சொன்னார்."

"தோல் நாற்காலியா?"

"அதேதான். அவன் ஓடினான். நாற்காலியைத் தலையில கவுத்துக்கிட்டு இறங்கி வந்தான். என்னைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினான். அப்பதான் குண்டு விழுந்துச்சு." டிரைவர் டீயைக் கீழே ஊற்றினான். "சத்தியமா சொல்றேன்க்கா, கண்ணை மூடித் தொறக்கலை. அவனுக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது. நாற்காலி மட்டும் உருண்டு பள்ளத்துல விழுந்துச்சு. ஒரு கால் போயிடுச்சு. தளபதி என்னை இறங்கிப் போய்த் தூக்கிட்டு வரச் சொன்னார்."

"தம்பியையா?"

"நாற்காலியை."

சாலையில் ஒரு பஸ் போனது. அது போய் முடிந்ததும் அக்கா கேட்டாள்.

"தம்பியை?"

"அப்புறமா வந்து எடுத்துக்கலாம்னார்."

அன்று சாயங்காலம் அக்கா அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஒளிக்கவில்லை. அம்மா முகட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நடுவில் ஒரே ஒரு தடவை, "தெரிஞ்சிருக்காதுன்னு அந்தப் பையன் சத்தியம் பண்ணினானா?" என்று கேட்டாள். பண்ணினான் என்றதும் சட்டத்தைப் பிடித்திருந்த கையை விட்டாள். ரொம்ப நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தாள்.

"ரொட்டி இருந்தா எடுத்துட்டு வா" என்றாள். தின்றாள். தின்று முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு, "அந்த ஆளை விடாதே" என்றாள்.

விடக்கூடாது என்பதில் அக்காவுக்கும் சந்தேகமில்லை. எப்படி என்பதுதான் தெரியவில்லை. இயக்குநர்மேல் புகார் கொடுக்கலாம். இயக்குநர்மேல் வரும் புகாரை விசாரிப்பவர் இயக்குநர். மில்லில் நல்ல கனமான இரும்புக் கம்பி ஒன்று இருந்தது. அதை எடுத்துக் கையில் சுழற்றிப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தாள். அம்மாவுக்கு மிச்சம் இருப்பது தான் ஒருத்திதான் என்பது அவளுக்கு நினைவிருந்தது. ஒரு வாரம் யோசித்துக்கொண்டே அரைத்தாள். அந்த வாரம் ஊருக்கு மாவு கொஞ்சம் அதிகமாகவே நைசாகக் கிடைத்தது.

மூன்றாவது விழா ஒரு பாலத்துக்கு. தம்பி பெயரைப் பாலத்துக்கு வைத்தார்கள். குடும்பத்தின் சார்பில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். வழக்கமாக அக்கா 'நன்றி' என்பாள். அன்று மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மாவுக்கு ஒரே ஒரு ஆறுதல்தான். தம்பி அநாதையா சாகலை. தளபதி ஐயா அவன் பக்கத்துலயே இருந்தாராம். ஐயா தன் வாயால சொல்ல மாட்டார். அவர் குணம் அப்படி. அதான் நான் சொல்றேன்."

கூட்டம் இடிபோல் கை தட்டியது. தளபதி முதலில் இடப்பக்கம் பார்த்தார். பிறகு வலப்பக்கம் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை என்று தெரிந்ததும் தலையை மெல்லத் தாழ்த்திக்கொண்டார். அடுத்து பேசக் கூப்பிட்டபோது அவர் குரல் தழுதழுத்தது.

"சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். சகோதரி சொல்லிவிட்டார். ஆம். அவன் தலை என் மடியில்தான் இருந்தது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த நுணலுக்கு யாரும் மைக் கொடுத்துப் பார்த்ததில்லை. அதற்கப்புறம் அக்காவுக்கு வேலை குறைந்துவிட்டது. விழாவுக்கு ஒரு பிடி போட்டால் போதும்; மீதியை அவரே அரைத்துக்கொண்டார். "ஐயா அவனை மேலயே விட்டுட்டு வந்திருக்க மாட்டார்னு அம்மா சொல்றாங்க" என்றாள். அடுத்த மேடையில் தளபதி தம்பியைத் தோளில் சுமந்துகொண்டு குண்டு மழையில் குன்று இறங்கினார். "அப்புறம் மேல இருந்த மத்த பசங்க என்ன ஆனாங்களோ" என்று பெருமூச்சு விட்டாள். அதற்கடுத்த மேடையில் தளபதி இறங்கிய வேகத்தில் மறுபடி ஏறினார். தம்பியின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எதிரியின் இரண்டு காவல் அரண்களைத் தனியாளாகப் பிடித்தார். பிடித்த அரண்கள் ஏன் இப்போது நம்மிடம் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. விழாக்களில் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்குவதில்லை.

தளபதி ஏற ஏறத் தம்பி இறங்கினான். ஏழு குண்டுகளில் இரண்டைத் தளபதி குறுக்கே பாய்ந்து வாங்கிக்கொண்டார். பிறகு இன்னும் இரண்டு. தழும்பு எங்கே என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டதற்கு, "உண்மையான தழும்பு உள்ளே இருக்கிறது" என்றார். அது மறுநாள் தலைப்புச் செய்தியாக வந்தது.

ஒவ்வொரு விழா முடிந்து அக்கா வீட்டுக்கு வரும்போதும் அம்மா கதவைத் திறந்துகொண்டே கேட்பாள்.

"இன்னைக்கு நம்ம பையனுக்கு எத்தனை?"

"ரெண்டு குறைஞ்சிருக்கும்மா."

"நல்லது. அவருக்கு?"

"கூடியிருக்கு."

"ரொம்ப நல்லது. கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

கடைசியில் சிலை வைப்பது என்று முடிவானது. அக்காவைச் சிற்பியின் பட்டறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். சிற்பி ஒரு பாவப்பட்ட மனிதர். முதலில் பாறை ஏறும் தம்பியை மட்டும் செய்யச் சொன்னார்களாம். பிறகு பக்கத்தில் தளபதி. பிறகு தம்பி தளபதியின் மடியில். பிறகு தோளில். இப்போது தளபதி மட்டும் ஒரு கையில் துப்பாக்கியும் ஒரு கையில் கொடியுமாக நின்றார்.

"என் தம்பி எங்கங்க?"

"கீழ பாருங்கம்மா" என்றார் சிற்பி சங்கடத்தோடு. "அந்தப் பாறை இருக்குல்ல, அதுக்குப் பின்னால. பூட்ஸ் தெரியும்."

"பரவாயில்லைங்க. தூங்குற மாதிரியே இருக்கு" என்றாள் அக்கா. "பெரியவரோட நெஞ்சை இன்னும் கொஞ்சம் நிமித்துங்க. பத்தலை."

சிலையைத் திறக்கப் போர் மந்திரியே வந்தார். அந்தச் சமயம் சண்டை நன்றாகப் போகவில்லை. மொட்டைக் குன்றிலிருந்து எதிரி தினமும் கீழே சுட்டுக்கொண்டிருந்தான். அடிவாரத்தில் பதுங்கு குழிகளில் கிடந்த படைக்குத் தலைமை தாங்க ஆள் இல்லை. போன தளபதிகளில் ஒருவர் செத்துவிட்டார், ஒருவருக்குத் திடீரென்று கண் தெரியாமல் போய்விட்டது. மந்திரிக்கு ஏதாவது ஒரு நல்ல செய்தி அவசரமாகத் தேவைப்பட்டது. மைதானம் முழுக்க ஜனம். சிலையின் மேலிருந்த துணியை மந்திரி இழுத்தார். தளபதி தளபதியைப் பார்த்துக் கண்கலங்கினார்.

அக்காவைப் பேசக் கூப்பிட்டார்கள். அவள் சிலையை நிமிர்ந்து பார்த்தாள். எழுதிக் கொண்டுவரவில்லை, ஆனால் ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை.

"மந்திரி ஐயா, எனக்குப் படிப்பு இல்ல. ஒரு விஷயம்தான் புரியல. இந்தப் பெரியவர் குண்டு மழையில ஒரு ஆளைத் தோள்ல போட்டுக்கிட்டு குன்று இறங்கினவர். இறங்கின கையோட திரும்ப ஏறினவர். தனியா நின்னு ரெண்டு அரணைப் பிடிச்சவர். அந்தக் குன்றோட ஒவ்வொரு கல்லும் தெரிஞ்சவர். இவரைக் கொண்டுவந்து ரிப்பன் வெட்ட விட்டிருக்கோமே, இது அடுக்குமா? அடிவாரத்துல எங்க ஊருப் பசங்க தலைவன் இல்லாம கிடக்குறாங்களே. ஐயா பல தடவை என்கிட்ட, 'என்னைத் திரும்ப அனுப்ப மாட்டேங்குறாங்களே'ன்னு புலம்பியிருக்கார். அவர் வாய்விட்டுக் கேக்க மாட்டார். அதான் நான் கேக்குறேன். அவரை அனுப்பி வையுங்க."

கூட்டம் எழுந்துவிட்டது. "அனுப்பு! அனுப்பு!" என்று ஒரு மூலையில் ஆரம்பித்தது மைதானம் முழுக்கப் பரவியது. அந்த மூலையில் நின்றவன் டிரைவர். பதுங்கு குழிகளில் பிள்ளைகளை வைத்திருந்தவர்கள் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார்கள். மந்திரி கூட்டத்தைப் பார்த்தார், சிலையைப் பார்த்தார், அவர் முகத்தில் விடியல் வந்தது.

"நாட்டின் குரல் கேட்டுவிட்டது!" என்றார் மைக்கில். "இன்றே! இந்த மேடையிலிருந்தே!"

தளபதி எழுந்து வந்தார். நாற்காலியிலிருந்து யார் உதவியும் இல்லாமல் அவர் அவ்வளவு வேகமாக எழுந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"மாண்புமிகு மந்திரி அவர்களே, பெரும் பாக்கியம். ஆனால் என் முதுகு..."

"என் தம்பியைச் சுமந்து இறக்கின முதுகு ஐயா அது!" என்று அக்கா மைக்கிலேயே சொன்னாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

தளபதியின் முகம் வெளுத்தது. மந்திரியின் காதருகே குனிந்தார். மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டார். "ஐயா, உண்மையைச் சொல்லிடறேன். அன்னைக்கு நான் குன்றுலயே இல்ல. நான் அப்பவே ஜீப்ல..."

"கேட்டீர்களா?" என்று மந்திரி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "கேட்டீர்களா இந்தத் தன்னடக்கத்தை! 'நான் குன்றிலேயே இல்லை' என்கிறார்! இதுவல்லவா வீரம்!"

கூட்டத்தில் பல பேர் அழுதார்கள். அதுவும் அறைக்குள் போகாமலேயே.

பேண்டு வாத்தியத்தோடு அவரை லாரி ஏற்றினார்கள். தோல் நாற்காலியையாவது கூட அனுப்பும்படி மெல்லிய குரலில் கேட்டுப் பார்த்தார். அதை ஏற்கெனவே அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். லாரி நகரும்போது அக்கா கிட்டே போய் ஒரு பூச்செண்டைக் கொடுத்தாள். அவர் குனிந்து வாங்கியபோது, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காத குரலில், "அந்த நாற்காலியை என் தம்பி தலையில கவுத்துக்கிட்டு வந்தானாமே, ஐயா" என்றாள். பூச்செண்டு கீழே விழுந்தது. லாரி போய்விட்டது.

குன்று திரும்பக் கிடைக்கவில்லை. தளபதியும் திரும்பி வரவில்லை, சாகவும் இல்லை. அடிவாரத்தில் ஒரு பதுங்கு குழியில் மற்ற பிள்ளைகளோடு சேற்றில் கிடந்தார். மேலே இருக்கிறவன் எப்போது சுடுவான் என்று பிள்ளைகள் தினமும் அவரிடம்தான் கேட்டார்கள். குன்றின் ஒவ்வொரு கல்லும் தெரிந்தவராயிற்றே.

மழைக்காலம் பிறந்ததும் ஒருநாள் தளபதியின் மனைவி மில்லுக்கு வந்தாள். பஸ்ஸில் வந்திருந்தாள், காரைப் புது இயக்குநர் வாங்கிக்கொண்டாராம். உட்கார இடம் தேடி, கடைசியில் ஒரு கோதுமை மூட்டைமேல் உட்கார்ந்தாள். கறுப்பு உடை முழுக்க மாவு அப்பிக்கொண்டது. அக்கா இயந்திரத்தை நிறுத்தினாள்.

"அவர் எல்லாத்தையும் எழுதி அனுப்பிட்டாரும்மா" என்றாள் மனைவி. "ஒண்ணு விடல. ஜீப்ல இறங்கினது, நாற்காலி, உங்க தம்பி, எல்லாம். அதைப் படிச்சுட்டு ஒரு குழு போட்டாங்க. பெரிய வீரர்களுக்கு இந்த மாதிரி மனக்குழப்பம் வர்றது சகஜம்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. இன்னொரு பதக்கம் குடுத்திருக்காங்க. பதக்கம் வாங்கினவர் இன்னும் ஒரு வருஷம் களத்துல இருந்தாகணுமாம், அது விதியாம்."

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க. நீங்க சொன்னதைத்தானே எல்லாரும் நம்பினாங்க." அவள் மூட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்கு வயசாயிடுச்சு. நாலு படி ஏறினா மூச்சு வாங்கும். ராத்திரி லைட் அணைச்சா தூங்க மாட்டார். அவர் செஞ்சது தப்புதான், நான் இல்லன்னு சொல்லல. அதுக்காக இப்படியா பழி வாங்குவாங்க?"

"இப்படித்தான் வாங்க முடிஞ்சுது" என்றாள் அக்கா. "வேற வழி இருந்தா அதையும் செஞ்சிருப்பேன்."

"உங்களுக்கு மனசே இல்லையா?"

அக்கா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"சாயங்கால பஸ் போயிட்டா அப்புறம் காலையிலதான்" என்றாள். "ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நிக்கணும்."

மனைவி எழுந்தாள். உடையில் இருந்த மாவைத் தட்டப் பார்த்தாள், அது போகவில்லை. வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அக்கா அவள் சாலையைக் கடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லாரி ஒன்று வந்தபோது, "பார்த்து, பார்த்து" என்று அவளையறியாமல் வாய் சொன்னது.

உள்ளே கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "மிஷினை ஏன் நிறுத்தின? யாரு வந்துட்டுப் போறது?"

"தளபதி சம்சாரம்மா."

"என்னவாம்?"

"புருஷனைத் திருப்பிக் கேக்குறாங்க."

கட்டிலில் அம்மா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

"கேக்கட்டும்" என்றாள் பிறகு. "நாமளும்தான் கேட்டோம்."